டிரைக்கோடெர்மா, வேம், மெட்டாரைசியம்: எந்தப் பூஞ்சைக்குக் காசு கொடுப்பது?

உயிரி இடுபொருள் விற்கும் கடைகளில் மூன்று பூஞ்சைகள் எப்போதும் கிடைக்கும். டிரைக்கோடெர்மா விரிடி, வேர் உட்பூசணம் எனப்படும் வேம், மெட்டாரைசியம் (அல்லது அதன் சகோதரம் பெவேரியா). எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றையும் வாங்கி, தொழு உரத்தோடு சேர்த்து வயல் முழுக்க விசிறிவிடுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் பெரும்பாலும் இரண்டு பொட்டலங்களின் காசு மண்ணோடு போகும்.

காரணம் எளிது. மூன்றும் பூஞ்சைதான், ஆனால் மூன்றின் சாப்பாடும் வேறு. டிரைக்கோடெர்மா மட்கும் பொருளையும் மற்ற பூஞ்சைகளையும் தின்னும். வேம் உயிருள்ள வேருக்குள் புகுந்தால் மட்டுமே பிழைக்கும். மெட்டாரைசியத்துக்குப் பூச்சியின் உடல் வேண்டும். எங்கே போடுவது, எப்போது போடுவது, எதோடு கலக்கக் கூடாது, எதனால் சாகும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. ஆகவே ‘எது சிறந்தது’ என்று ஒப்பிடுவதைவிட, நம் வயலில் எதற்குச் சாப்பாடு இருக்கிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

முதலில் ஒரு செடியைப் பிடுங்குங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இது. வாடிய செடி ஒன்றை வேரோடு, மண் கட்டியோடு தோண்டி எடுத்து நீரில் மெதுவாக அலசிப் பாருங்கள்.

வேரின் பட்டை நார்நாராக உரிந்து, உள்ளே கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் இருந்தால் அது மேக்ரோஃபோமினா வேரழுகல். உளுந்து, பாசிப்பயறு, எள், நிலக்கடலையில் வெயில் காலத்தில் ஈரம் குறையும்போது வரும். தண்டின் அடியில் வெண்ணூல் படர்ந்து, கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்ற நோய்ப்பூஞ்சை. இவை இரண்டுக்கும் டிரைக்கோடெர்மா பொருத்தமான மருந்து.

வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் அது நூற்புழு. பயறு வகையாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். தழைச்சத்து தரும் நல்ல பாக்டீரியாவான ரைசோபியத்தின் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது; பிரிக்க முடியாது. நூற்புழுவுக்கு வேறொரு பூஞ்சை இருக்கிறது: பர்ப்யூரியோசிலியம் லிலாசினம். பழைய பொட்டலங்களில் பெசிலோமைசிஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே.

தக்காளி, கத்தரி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தலை சாய்ந்தால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு சாண் துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் இருக்கும் தெளிந்த நீரில் நுனி மட்டும் தொடும்படி நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இதற்கு இந்த மூன்று பூஞ்சைகளில் எதை வாங்கினாலும் பயனில்லை. பயிரை மாற்றுவதோ, தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்றை வாங்குவதோதான் வழி.

டிரைக்கோடெர்மா: குறைந்த செலவு, சீக்கிரப் பலன், நிபந்தனை இரண்டு

ஒரே ஒரு பூஞ்சைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நேரடியாக விதைக்கும் பயிர்களில் நம் தேர்வு இதுதான். 1932இல் வைண்ட்லிங் என்ற ஆய்வாளர், இந்தப் பூஞ்சை ரைசோக்டோனியா என்ற நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றி வளைத்து உண்பதைப் பதிவு செய்தார். சுற்றிக்கொண்ட பிறகு, எதிரியின் சுவரில் இருக்கும் கைட்டினையும் குளுக்கானையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து துளை போடும். ஆனால் வயலில் இதைவிடப் பெரிய வேலை, இடத்தைப் பிடிப்பது. வேகமாக வளர்வதால், விதை முளைக்கும்போது கசியும் சர்க்கரையை நோய்ப்பூஞ்சைக்கு முன்னால் இது தின்றுவிடுகிறது. விதை நேர்த்தி ஏன் இவ்வளவு பலன் தருகிறது என்பதற்கு விளக்கம் இதில்தான்: போட்டி நடக்கும் இடத்திலேயே, போட்டி தொடங்கும் முன்பே ஆளை நிறுத்துகிறோம்.

அளவு கிலோ விதைக்கு 4 கிராம். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதைத்தால் மொத்தம் 32 கிராம். ஒரு கிலோ பொட்டலத்தில் முப்பது ஏக்கர் விதை நேர்த்தி செய்யலாம் என்றால் செலவு எவ்வளவு சொற்பம் என்று புரியும். ஆறிய கஞ்சியைச் சிறிது தெளித்து விதையை ஈரமாக்கி, பொடியைத் தூவிப் புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் கலந்து, மறுபடி நிழலில் ஆற்றி, தாமதிக்காமல் விதைக்கலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி தடவிய விதையின் மேலேயே டிரைக்கோடெர்மாவைப் பூசுவது. கார்பென்டாசிம் நோய்ப்பூஞ்சை, நல்ல பூஞ்சை என்று பார்ப்பதில்லை. டிரைக்கோடெர்மா அதற்கு மிகச் சீக்கிரம் பலியாகும். கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி வந்தால் உறையைத் திருப்பி என்ன மருந்து என்று படியுங்கள். மெட்டலாக்ஸில் என்றால் பெரிய தடையில்லை. கார்பென்டாசிம், டெபுகோனசோல் போன்றவை என்றால் விதை நேர்த்தியை விட்டுவிட்டு மண்ணில் இடுவதே மேல்.

மண்ணில் இட, எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து விதைத்த 30ஆம் நாள் போடுவது பரிந்துரை. ஏக்கர் கணக்கில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மா, 20 கிலோ எரு. வசதி இருந்தால் முன்கூட்டியே பெருக்கிப் போடுவது இன்னும் நல்லது. 100 கிலோ நன்கு மட்கிய எருவில் ஒரு கிலோவைக் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும், நீர் சொட்டாது என்ற பதத்தில் ஈரமாக்கி, மர நிழலில் அரை முழ உயரத்துக்குப் பரப்பி, ஈரச் சாக்கால் மூடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை புரட்டி நீர் தெளித்தால், ஒரு வாரம் பத்து நாளில் எருவின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் படரும். வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு சேர்த்தால் இன்னும் வேகமாகப் பெருகும்.

எரு மட்கியிருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. பச்சைச் சாணக் குவியல் உள்ளுக்குள் 50 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்; 25 முதல் 30 டிகிரியில் செழிக்கும் பூஞ்சை அதில் தாங்காது. குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. இரண்டாவது நிபந்தனை ஈரம். மானாவாரி நிலத்தில் காய்ந்த மண்ணில் தூவிவிட்டு மழைக்குக் காத்திருந்தால் பாதிக்கு மேல் வெயிலில் போய்விடும். மழைக்கு மறுநாள் போடுங்கள்.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாடத் தொடங்கிய செடியை இது மீட்காது. பக்கத்துச் செடிகளுக்குப் பரவுவதைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

பொட்டலத்தில் உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அரை வேக்காட்டு அரிசிச் சோறு இரண்டு கைப்பிடியைச் சுத்தமான பாலித்தீன் பையில் போட்டு, பையோடு ஆவியில் அரை மணி நேரம் வைத்து, முழுக்க ஆறிய பின் ஒரு சிட்டிகை பொடியைத் தூவி, வாயைத் தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். இரண்டு நாளில் வெள்ளைப் பஞ்சு, நான்காம் நாளுக்குள் அடர்பச்சைத் திட்டுகள். பையைத் திறந்தால் பல இனங்களில் தேங்காய் வாசம் வரும். பென்டைல் பைரோன் என்ற ஆவிப்பொருளின் வாசம் அது. நோய்ப் பூஞ்சைகளை அடக்குவதில் அதற்கும் பங்குண்டு. கறுப்புப் பொடி படர்ந்தால் அது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சை. பையைத் திறக்காமல் புதைத்துவிடுங்கள். புளித்த நாற்றமும் கொழகொழப்பும் வந்தால் பாக்டீரியா கலந்திருக்கிறது.

காளான் குடில் வைத்திருப்பவர்கள் டிரைக்கோடெர்மாவை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சிப்பிக் காளான் படுக்கையை நாசமாக்கும் பச்சைப் பூஞ்சாணமும் இதே பேரினம்தான். எருவில் பெருக்கும் வேலையைக் காற்று குடிலை நோக்கி வீசாத மூலையில் செய்து, உடை மாற்றிக்கொண்டு உள்ளே போங்கள்.

வேம்: நாற்றங்காலில் தங்கம், வயலில் தூசி

மூன்றிலும் பெரிய வரலாறு இதற்கே. நிலத்தில் செடிகள் கால் வைத்த காலத்திலேயே துணைக்கு வந்தது இந்த உறவு. ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவச் செடிக்குள் இதன் மரம்போன்ற கிளைகள் காணப்படுகின்றன. இன்றும் நிலத்தாவரங்களில் பெரும்பகுதி இந்த உறவில் இருக்கிறது.

வேலை இப்படி நடக்கிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் நகரவே நகராது எனலாம். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்தப் பகுதி வெறுமையாகிவிடும். வேர்முடியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் அந்த வெற்றிடத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் வரை போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகின்றன. கூலியாகச் செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது.

கூலி கொடுக்கும் உறவு என்பதால் செடிக்குத் தேவையில்லை என்றால் கதவு திறக்காது. டி.ஏ.பி.யோ சூப்பர் பாஸ்பேட்டோ ஆண்டாண்டாகக் கொட்டிய நிலத்தில், மண் பரிசோதனையில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்த நிலத்தில், வேம் வாங்குவது பணவிரயம். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட், கீரைத்தண்டு ஆகியவற்றின் வேருக்குள் இது புகுந்து வேலை செய்வதில்லை. சேறு கலக்கி நீர் நிற்கும் நெல் வயலிலும் எதிர்பார்ப்பு குறைவாகவே இருக்க வேண்டும்.

இப்போது அளவைப் பார்ப்போம். ஏக்கருக்கு 4, 5 கிலோ வேமை எருவில் கலந்து விசிறச் சொல்வார்கள். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிராம். அந்த ஒரு கிராமிலும் பெரும்பகுதி, பூஞ்சையைச் சுமக்கும் வெர்மிகுலைட் என்ற தாதுத் துகள். அது வேருக்குப் பக்கத்தில் விழுமா என்பது அதிர்ஷ்டம். நாற்றங்காலுக்கான பரிந்துரை சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில். ஓர் ஏக்கர் மிளகாய்க்கு ஒரு சென்ட் நாற்றங்கால், சுமார் 40 சதுர மீட்டர், போதும். அதற்கு வேண்டியது 4 கிலோ. அதே நான்கு கிலோ, அதே காசு. நூறு மடங்கு செறிவு. முளைவேர் இறங்கும் பாதையிலேயே பூஞ்சை காத்திருக்கும். நாற்றைப் பிடுங்கி நடும்போது வேருக்குள் குடியேறியே வயலுக்குப் போகும்.

ஆகவே வேம் வாங்குவதாக இருந்தால் மிளகாய், தக்காளி, கத்தரி, வெங்காய நாற்று, பாலித்தீன் பை மரக்கன்றுகள் (பைக்கு 5 முதல் 10 கிராம்) ஆகியவற்றுக்கே வாங்குங்கள். நேரடி விதைப்பு வயலில் விசிறுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. அங்கே மண்ணில் ஏற்கெனவே இருக்கும் வேமைக் காப்பதுதான் மலிவான வழி: உழவைக் குறைப்பது, நிலத்தை மாதக்கணக்கில் வெறுமனே போடாமல் சோளம், மக்காச்சோளம், கொழிஞ்சி போன்ற ஏதாவதொன்றின் வேர் உயிரோடு இருக்கச் செய்வது.

வயலில் வேம் இட்டு என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல அளவுகோல் 2023இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு. 54 மக்காச்சோள வயல்களில் ஒரே பூஞ்சையை இட்டுப் பார்த்தார்கள். சில வயல்களில் செடியின் வளர்ச்சி 40 சதவீதம் வரை கூடியது. சிலவற்றில் 12 சதவீதம் குறைந்தது. இந்த ஏற்றத்தாழ்வைக் கணித்துச் சொல்வதில், மண்ணின் சத்துகளைவிட அங்கே இருந்த நோய்ப் பூஞ்சைகளின் அளவே கூடுதலாக உதவியது. நோய்ப் பூஞ்சை மிகுந்த மண்ணில் வேம் அதிகம் உதவியது. மணிச்சத்தை மட்டுமே மனத்தில் வைத்து வேமைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி. வேருக்குள் முதலில் இடம் பிடித்துக் காவல் நிற்பதும் இதன் முக்கிய வேலை. அங்குள்ள குளிர்நாட்டு மண்ணின் எண்களை நம் கரிசலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ‘வேம் போட்டால் எங்கும் விளைச்சல் கூடும்’ என்று பொட்டலம் சொல்வதை நம்பாமலிருக்க இது போதும்.

தரம் பார்ப்பதும் இதில் கடினம். டிரைக்கோடெர்மாவைப் போலச் சோற்றில் வளர்த்துப் பார்க்க முடியாது. உயிருள்ள வேர் இன்றி இது வளராது. மண்ணைச் சூடாக்கி நோய் நீக்கி, சிறு தொட்டியில் நிரப்பி, வேமைப் போட்டு மக்காச்சோளம் விதைத்து ஆறு வாரம் கழித்து மெல்லிய வேர்களை எடுக்க வேண்டும். பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேர் தெளியும் வரை கொதிக்கவைத்து, அலசி, ஐந்து சதவீதம் பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, வினிகர் சில துளி சேர்த்த நீரில் ஊறவைத்தால், பூஞ்சை மட்டும் மை நிறத்தில் தனித்துத் தெரியும். நுண்ணோக்கி வேண்டும், பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள். ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

தோட்டக்கலை நாற்றுப் பண்ணை நடத்துபவர்களுக்கு வாங்குவதைவிடச் செய்வது லாபம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழக் குழியில் கறுப்புப் பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ சுத்திகரித்த மண்ணும் நிரப்பி, மேலிருந்து சில சென்டிமீட்டர் கீழே ஒரு கிலோ தாய் வேமைப் பரப்பி, மக்காச்சோளம் விதைக்க வேண்டும். 60 நாளில் நீரை நிறுத்திக் காயவிட்டு, செடியை அடியில் வெட்டி, வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கலவையோடே சேர்த்தால் சுமார் 55 கிலோ கிடைக்கும்.

மெட்டாரைசியம்: ஈரம் இருக்கும் இடத்தில் மட்டும்

1835இல் இத்தாலிய ஆய்வாளர் அகோஸ்டினோ பாசி, பட்டுப்புழுவை வெள்ளையாக உறையவைக்கும் நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று நிறுவினார். பெவேரியா பாசியானா என்ற இனப்பெயரில் ‘பாசியானா’ என்பது அவர் நினைவாக வந்தது. 1879இல் மெட்ச்னிகாஃப் என்ற ஆய்வாளர் உக்ரைனின் ஒடெசா பகுதிக் கோதுமை வண்டுகளில் பச்சைப் பூஞ்சையைக் கண்டார், அதுதான் மெட்டாரைசியம். இரண்டும் பூச்சி தின்று சாகும் நஞ்சல்ல. பூஞ்சையின் விதை போன்ற வித்து பூச்சியின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போக வேண்டும். அதற்கு நல்ல ஈரப்பதம் வேண்டும்; நேர் வெயிலில் வித்து சில மணி நேரத்தில் செத்துவிடும். பூச்சி சாக நான்கு முதல் பத்து நாள் ஆகும். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்து, ‘மருந்து கேட்கவில்லை’ என்று ரசாயனத்தைத் தெளிப்பது இங்கே வழக்கமாக நடக்கும் விரயம்.

எனவே கேள்வி, பூச்சி இருக்கும் இடத்தில் நிழலும் ஈரமும் இருக்கிறதா என்பதே. மக்காச்சோளக் குருத்துக்குள் இருக்கிறது. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவுக்கு, கிராமுக்கு 10 கோடி வித்துள்ள மெட்டாரைசியம் பொடியை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, விதைத்த 15 முதல் 25 நாளுக்குள் குருத்துக்குள் ஊற்றச் சொல்கிறார்கள். பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை. மாலையில், குருத்தை நோக்கி ஊற்ற வேண்டும். இலை மேல் புகைபோலத் தெளிப்பது பயனற்றது. பருத்தியின் மேலிலையில் சுட்டெரிக்கும் சித்திரை வெயிலில் இதைத் தெளிக்கவே வேண்டாம்.

இதற்கு மிகப் பொருத்தமான இடம் தென்னந்தோப்பின் எருக்குழி. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைவதைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் புழு மாதக்கணக்கில் வளர்வது எருக்குழியிலும் மட்கிய தென்னந்தூரிலும். இருட்டு, ஈரம், நகராத இரை: பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? நோய் கண்ட புழு முதலில் விறைத்து வெளுக்கும். பிறகு உடல் முழுக்கக் கரும்பச்சைப் பொடி பூத்து, அதுவே அடுத்த புழுக்களுக்கு விதையாகும்.

ஆனால் அளவில் ஏமாறக் கூடாது. பரிந்துரை ஒரு கன மீட்டர் எருவுக்கு 50,000 கோடி வித்துகள். கிராமுக்கு 10 கோடி வித்துள்ள பொடி என்றால் கன மீட்டருக்கு 5 கிலோ ஆகும். 100 கோடி உள்ளதென்றால் அரைக் கிலோ. கடைக்காரர் ‘குழிக்கு ஒரு பாக்கெட்’ என்று சொன்னால், குழியை நாடாவால் அளந்து, பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணால் வகுத்துப் பாருங்கள். பெரிய குழி முழுவதற்கும் கட்டுப்படியாகாவிட்டால், எருவைக் கிளறிப் புழு தென்படும் மூலையில் மட்டும் முழு அளவில் கலப்பது, குழி முழுக்க மெலிதாகத் தெளிப்பதைவிட மேல்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இருக்கும் ஊர்களில் பெவேரியா தெளிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். பாசி கண்ட அதே நோய் பக்கத்து வீட்டுப் புழுமனைக்குப் போய்ச் சேரும்.

சேர்த்துப் போடலாமா

டிரைக்கோடெர்மாவும் வேமும் ஒரே பயிரில் இருக்கலாம், ஒரே வாளியில் வேண்டாம். நாற்றங்காலில் விதைக்கும்போது வேம். அது வேருக்குள் போக மூன்று வாரமாவது கொடுத்து, நடவின்போது குழியில் எருவோடு டிரைக்கோடெர்மா. நாற்றழுகல் கடுமையாக வரும் நாற்றங்காலாக இருந்தால் மட்டும் விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சாணக்கொல்லி ஊற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் இரண்டு வாரம் இடைவெளி விட்டு டிரைக்கோடெர்மாவை மறுபடி இட வேண்டும். முன்பு இட்டது பிழைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியும் வித்து எண்ணிக்கையும் பாருங்கள். டிரைக்கோடெர்மாவுக்குக் கிராமுக்கு 20 லட்சம், பெவேரியாவுக்கும் மெட்டாரைசியத்துக்கும் 10 கோடி என்பது குறைந்தபட்சத் தரம். டால்க் பொடியில் டிரைக்கோடெர்மாவின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் இறங்கும். நான்கு மாதத்தைத் தாண்டியதை, சோற்றில் சோதிக்காமல் விதையில் தடவ வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பூச்சிமருந்து டப்பாக்களோடு அடுக்கிவைத்திருக்கும் கடையில் தேதி புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள். மண்பானைக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில் வைத்து இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பொடியைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.